படக்காரர் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் அவரைப் படக்காரர் என்றால்தான் தெரியும். சினிமாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். சபையில் பாதிப்பேருடைய நெஞ்சுக்கூட்டை அவர் பார்த்திருக்கிறார். அந்த தைரியத்திலோ என்னவோ, யாரோடும் முகம் பார்த்து அதிகம் பேசமாட்டார்.

நான் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மைக்கும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் என் மேஜை. அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும் தெரியும். நீண்ட ஜெபத்தில் யார் யார் தூங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன். அதில் பெரிய மனிதர்களும் உண்டு. படக்காரர் ஒருநாளும் தூங்கியதில்லை. தூங்குவது இருக்கட்டும், ஒழுங்காக உட்காரவே அவருக்கு வராது. காலை ஆட்டுவார், ஜன்னல் கொக்கியைத் திருகுவார், முன்னால் இருப்பவரின் நாற்காலி ஆடுகிறதா என்று பார்ப்பார்.

வேதத்தில் இருக்கிற அற்புதங்களையும் தான் படித்த விஞ்ஞானத்தையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் தவிப்பு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கடல் பிளந்த கதை சொல்ல, ஒரு பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி, என்னிடம் டேபிள் ஃபேன் இரவல் வாங்கிப்போனார். காற்று ஒரே பக்கமாக அடித்தால் தண்ணீர் ஒதுங்கி நடுவில் தரை தெரியும் என்று காட்ட நினைத்தார். தரை தெரிந்ததோ இல்லையோ, முன்வரிசைப் பிள்ளைகள் மொத்தமும் நனைந்தார்கள். எக்காளம் ஊதியதும் கோட்டைச் சுவர் இடிந்த கதைக்கு நிலநடுக்கத்தைக் காரணமாக வைத்திருந்தார். சூரியன் நின்ற கதையை எடுக்கவே மாட்டார். செத்து நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டதும், வகுப்பைச் சீக்கிரமாக முடித்துவிட்டார்.

"அதை என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்று அன்று வம்புக்கு இழுத்தேன்.

"காத்தும் தண்ணியும் என் கைக்கு எட்டுது. அது எட்டல. விட்டு வெச்சிருக்கேன்" என்றார். சொல்லும்போதே என் கடையில் நன்றாக இருந்த ஒரு சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அவர் விறுவிறு என்றால் அண்ணி பயந்த சுபாவம். தனியாக பஸ் ஏறமாட்டார். லிஃப்ட்டில் கால் வைக்கமாட்டார். கரப்பான்பூச்சி வந்தால் வேலையில் இருக்கும் புருஷனுக்கு போன் போகும். அப்படிப்பட்ட அண்ணிக்கு இருமல் பிடித்து, மாதக்கணக்கில் விடவில்லை. சோறும் தூக்கமும் இல்லாமல் ஆள் இளைத்துவிட்டார். ஒருநாள் படக்காரர் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய், தன் கையாலேயே நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார். இடது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு நிழல்.

அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டியாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரமும் சபை ஒரு குடும்பமாக நின்றது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வீடு உபவாசம். போதகர் தினமும் சாயங்காலம் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். சபையில் பாட்டு நடத்துகிற பாட்டு டீச்சர் ஒரு வேளை சாப்பாட்டை விட்டே விட்டார். படக்காரர் கூண்டில் அடைத்தது மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஆச்சரியம், அண்ணிதான். அவர் அமைதியாகிவிட்டார். உப்பு எங்கே, பருப்பு எங்கே, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று புருஷனுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். பார்க்கப் போன நாங்கள் அழ, அவர் எங்களைத் தேற்றி அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். நிழலைக் காணோம். ஸ்கேனும் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். இருமல் ஏதோ தூசி ஒவ்வாமை என்று சொல்லி, மூச்சோடு இழுக்கிற மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செய்தி வந்த அன்று சபையில் எழுந்த ஸ்தோத்திர சத்தத்துக்கு என் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. நானும் கத்தினேன். வருகிற மாதம் நன்றி ஆராதனை வைத்து, படக்காரர் மேடையேறி சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் அறிவித்தார். "நிழலைப் படம் பிடிச்சவரே வந்து சொல்லட்டும்! அதுக்கு மேல என்ன ருசு வேணும்?" என்றார்.

சாட்சிக்குக் காட்டலாம் என்று படக்காரர் பழைய படத்தை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் மறுபடி திறந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பயம் போன கண்ணோடு பார்த்தபோது அந்த நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. எலும்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்துப் பக்கம் வளைந்து மேலே போயிற்று. கட்டி அப்படிப் போகாது. பின்னல்தான் அப்படிப் போகும்.

எக்ஸ்ரே அறைக்குள் வருகிற எந்தப் பெண்ணிடமும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "முடியத் தூக்கிக் கட்டுங்கம்மா, செயினைக் கழட்டுங்க" என்பதுதான். கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோல வாயில் தானாக வரும். அன்று வரவில்லை. அந்த அறையின் ஏ.சி. குளிரில் அண்ணி நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், ஊராருக்குச் சொல்கிற குரலில் அவரால் பெண்டாட்டியிடம் பேச முடியவில்லை. செயினைத் தானே கழற்றினார். தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணும் இருக்காது" என்றார். அண்ணியின் கனத்த பின்னல் இடது தோளின் முன்பக்கம் கிடந்தது, கிடந்தபடியே படத்தில் விழுந்தது.

இதை என் கடையில் வைத்துத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய் வந்தார்.

"கடலுக்குக் காரணம் தேடினேன், சுவருக்குக் காரணம் தேடினேன். இது ஒண்ணுக்காவது காரணம் இல்லாம இருந்துடக் கூடாதான்னு இருக்குடா" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவருடைய டாக்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. படக்காரர் அவரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். டாக்டர் படத்தைப் பார்த்து, "அடடா, நானும்தானே கோட்டை விட்டிருக்கேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாராம். பிறகு சும்மா இருக்காமல், "ஏன்யா, உங்க ஆண்டவர் காத்தை விட்டுக் கடலைப் பிளந்தா சரி, பெரிய ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் கையில க்ளிப்பைக் குடுத்து முடியத் தூக்கிக் கட்ட வெச்சா மட்டும் தப்பா? உங்க கணக்குப்படி இதுவும் அற்புதம்தானே?" என்று சீண்டியிருக்கிறார்.

"இல்ல சார். காத்தோ கையோ, அந்தக் கரைக்குப் போனவங்க நிஜமாவே தப்பிச்சாங்க. இவளுக்குத் தப்பிக்கிறதுக்கே ஒண்ணும் இல்லயே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அண்ணி முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பெண்கள் கூட்டங்களில் எழுந்து நின்று பேசுகிறார். நானும் அப்படித்தான் அவருக்கு யோசனை சொன்னேன். பாட்டு டீச்சர் விஷயம் தெரிகிறவரை.

டீச்சருக்கும் இருமல் இருந்தது. டீச்சரையும் படம் எடுத்தவர் இவர்தான். வலது பக்கம் உருண்டையாக ஒன்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் அவர் போகவில்லை. படக்காரர் வீட்டுக்கே போய் வற்புறுத்தியபோது, "உங்க வீட்டுலயே செஞ்சு காட்டியிருக்காரு. நீங்களே இப்படி அவிசுவாசமா பேசலாமா தம்பி? அவளுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?" என்றாராம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பின்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனிதர் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

நன்றி ஆராதனைக்கு முந்தின நாள் நான் அவர்கள் வீட்டில் ஒரு சுவிட்ச் போர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவர் அண்ணியிடம் சொல்வது கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல."

"எப்பவுமே இருந்ததில்லயா?"

"எப்பவுமே இல்ல."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். கையிலிருந்த பாத்திரத்தை அண்ணி வைத்த வேகத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தினம் எழுந்ததும் அவருக்கு நன்றி சொல்றேனே, எதுக்குச் சொன்னேன்? ஒரு பின்னலுக்கா?" என்றார். பிறகு, "நான் சாகத் தயாரா இருந்தேன். அதுவும் பொய்யா? சொல்லுங்க, உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் காரணம் தெரியுமே. கரப்பானுக்குக் கத்துறவ நான். அந்த ரெண்டு வாரமும் எனக்கு ஏன் பயமே வரல?"

அவர் குழாயைத் திருகித் திருகி மூடுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. என் பக்கத்துல மட்டும் வந்து உட்காராதீங்க."

மறுநாள் இருவரும் தனித்தனியாக வந்தார்கள். அண்ணி பெண்கள் பக்கம் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில், பாட்டுக்கான மைக்குக்கு எதிரில், டீச்சர். போதகர் கூப்பிட்டதும் படக்காரர் மேடையேறினார். மைக்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். கரகரவென்ற சத்தத்தை நான்தான் குறைத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லாதது, பின்னல் நிழலாக விழுந்தது, தன் மனைவிக்கு எந்த நாளும் கட்டி இல்லாதது, எல்லாம். "தப்பு என்னோடது. ஆண்டவர் பேர்ல அதை ஏத்திச் சொல்ல எனக்கு மனசு வரல" என்று முடித்தார்.

பெரிய சலசலப்பு. போதகர் என்னைப் பார்த்து மைக்கை அணைக்கும்படி ஜாடை காட்டினார். நான் குனிந்து ஒரு வயரை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போது டீச்சர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபமே இல்லை. ஆசைதான் இருந்தது.

"தம்பி, அப்போ என் படத்துலயும் அப்படித்தான் விழுந்திருக்குமோ? என் முடியும் நீளம்தானே?"

எதிரிலிருந்த மைக் அதை எல்லாருக்கும் கேட்க வைத்தது. சலசலப்பு நின்றது. படக்காரர் போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒருத்தராவது அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

"தம்பி, சொல்லுங்க. இங்க எல்லாரும் நம்ம ஜனங்கதான்."

"இல்ல டீச்சர்" என்றார். "உங்களுக்கு முடியத் தூக்கிக் கட்டச் சொல்லித்தான் எடுத்தேன். சந்தேகப்பட்டு ரெண்டாவது தடவையும் எடுத்தேன். பக்கவாட்டுலயும் எடுத்தேன். மூணுலயும் இருக்கு. அது என்னன்னு சொல்ற படிப்பு எனக்கு இல்ல. ஆனா இருக்கு டீச்சர்."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போதகர் தடுமாறி, "ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார். பாட்டை எடுக்க வேண்டியவர் டீச்சர்தான். யாரும் எடுக்கவில்லை. படக்காரர் மேடையிலிருந்து இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல், ஒரு படி இறங்கி மறுபடி ஏறினார்.

ஓரத்திலிருந்து அண்ணி எழுந்தார். புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்வரிசைக்கு நடந்து வந்து, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மைக்கை நான் மூடியிருக்க வேண்டும், மூடத் தோன்றவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்று டீச்சர் சொன்னது சபை முழுக்கக் கேட்டது. "உனக்கு வரவே இல்லன்னு பெண்கள் கூட்டத்துல சொன்னியே. எப்படி வராம இருந்துச்சு?"

"தெரியல டீச்சர். இவருக்கும் தெரியல" என்றார் அண்ணி. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு நான் உங்க கூட வரேன்."

"ஜெபம் பண்ணினா போதாதாம்மா?"

"ஜெபம் பண்ணிக்கிட்டே போவோம்."