பெரியம்மா பெயரில் வந்த படங்கள்

இது கட்டுக்கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி பேய்க்குப் பயப்படுகிற ரகம் இல்லை. பேய்தான் இவரைக் கண்டு ஒதுங்கிப் போகும் என்று அண்ணன் கிண்டல் செய்வார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பமாட்டார். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், சரியாக மதியம் ஒன்று நாற்பதுக்கு நடந்தது.

அப்போது அண்ணிக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூட இல்லை. கண் பட்டுவிடும் என்று ஆளுக்கொரு மூலையில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இந்தப் பிள்ளையாவது கைக்கு வந்து சேரவேண்டும். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அண்ணி வேலை பார்த்தது ஒரு ஸ்கேன் சென்டரில். அங்கே எடுக்கிற படமெல்லாம் ஒரு பெரிய சர்வரில் போய்ச் சேரும். படக்கிடங்கு என்பார் அண்ணி. ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு பெட்டி உண்டு. அந்தக் கிடங்கைத் திறப்பதில்தான் ஒரு வேடிக்கையான பழக்கம். பத்து ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அந்தப் பெயர் பெரியம்மாவுடையது. பெரியம்மா என்றால் சொந்தக்காரர் இல்லை. சென்டர் தொடங்கிய நாளில் வேலைக்குச் சேர்ந்து, எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொடுத்த அம்மாளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணி சேர்வதற்கு முன்பே அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஆள் போன பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடமாக நாளுக்கு நாற்பது படம், எல்லாம் அவர் பெயரிலேயே.

"செத்தும் லீவு போடாத ஒரே ஆளு எங்க பெரியம்மாதான்க்கா" என்று சிரிப்பாள் கண்ணாடிக்காரி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஸ்கேன்காரி. அண்ணிக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி.

எந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று தெரிந்தாகவேண்டும் என மேலிடம் ஒற்றைக் காலில் நின்றது. சிங்கிள் சைன்-ஆன் போடும் வேலை அண்ணி தலையில் விழுந்தது. விஷயம் இதுதான். ஊழியர் பட்டியலோடு வாசலில் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். காலையில் வந்து அங்கே சொந்தப் பெயரில் நுழைந்தால், அது ஒரு சீட்டு கொடுக்கும். கிடங்கு ஆளைப் பார்க்காது, சீட்டைத்தான் பார்க்கும். சீட்டு இல்லாவிட்டால் கதவு திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை சென்டர் விடுமுறை. அண்ணி தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். பத்துப் பேரின் பெயரையும் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் பெரியம்மாவின் பெயரை அழித்தார். அழிக்கும்போது மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம்.

திங்கட்கிழமை மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புது ஏற்பாடு ஒழுங்காக ஓடுகிறதா என்று அண்ணி கிடங்கின் பதிவேட்டைத் திறந்தார்.

மணி 1:40. பெயர்: பெரியம்மா. மூன்றாம் அறை. ஒரு படம் சேர்க்கப்பட்டது.

தன் வேலையில்தான் ஓட்டை என்று நினைத்தார். வாசல் சர்வரின் பதிவைப் பார்த்தார். அது அந்தப் பெயருக்குச் சீட்டே கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது, பெயர்தான் இல்லையே! ஆனால் கிடங்கு ஒரு சீட்டை வாங்கியிருந்தது. 'செல்லும்' என்றும் எழுதியிருந்தது.

கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டார்.

"மூணாம் ரூம்ல யாரு?"

"யாருமில்லக்கா. பன்னெண்டே முக்காலுக்கே பூட்டிட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு."

இருவரும் போய்த் திறந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது... ம்ம்ம்ம் என்று. படுக்கையில் விரித்த காகிதம் நடுவில் கசங்கி, ஸ்கேனுக்கு வயிற்றில் தடவுகிற ஜெல் பட்டுச் சில்லென்று ஈரமாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி.

அண்ணி இடத்துக்குத் திரும்பி அந்தப் படத்தைத் திறந்தார். வயிற்றில் ஒரு குழந்தை. பதினேழு வாரம். இதயத்துடிப்பு 152. மேலே நோயாளியின் பெயர்.

அண்ணியின் பெயர்.

அவர் அந்த மெஷினில் ஒருநாளும் படுத்ததில்லை.

அன்று சாயங்காலமே வேறொரு டாக்டரிடம் போனார். "நல்லா இருக்கும்மா. துடிப்பு நூத்தி அம்பத்திரண்டு" என்றார் டாக்டர். அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் படம் வந்தது. 1:40.

புதன்கிழமை அண்ணி வேலைக்கே போகவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் லேப்டாப். அதில் தன்னுடைய பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

1:38...

1:39...

வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. முதல் உதை.

1:40. படம் வந்து விழுந்தது.

படத்தில், நீட்டிய கால்.

அண்ணி என்னிடம் சொன்னது இது: "பயந்துட்டேன். ஆனா எம்புள்ள காலைப் பார்த்துட்டு அழுதுட்டேன். ரெண்டும் ஒண்ணா வந்துச்சு."

கதவை அடைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அந்தப் பெயரில் யார் வந்தாலும், எந்தச் சீட்டோடு வந்தாலும் திறக்காதே என்று கிடங்குக்கு ஒரு வரி எழுதினால் போதும். வியாழக்கிழமை அண்ணி எழுதிவிட்டார். என்டர் தட்டவேண்டியதுதான் பாக்கி. எதையும் இரண்டு முறை பார்க்கிற புத்தி அப்போது தடுத்தது. இரண்டு வருடத்துப் பதிவையும் தேடினார். 1:40 மணிக்கு வந்தவை மட்டும்.

எல்லோரும் ஒரே பெயரில் புழங்கியதால் பத்தோடு பதினொன்றாக மறைந்து கிடந்தன. மூன்று பெண்களின் பெட்டிகள். தினமும் ஒரு படம். இரண்டு பெட்டிகளில் ஒன்பதாம் மாதம் வரை வந்திருந்தது. மூன்றாவதில் ஆறாம் மாதத்தோடு நின்றுபோயிருந்தது.

பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடிக்காரியின் முகம் மாறியது.

"இவங்க மூணு பேருக்கும் முன்னாடி உண்டானது எதுவும் தங்கலக்கா. பெரியம்மா உசுரோட இருந்தப்ப இப்படிப்பட்டவங்களை விடவே மாட்டாங்க. சோத்தைக்கூட தள்ளிவச்சிட்டு, மத்தியானத்துல கூப்பிட்டுப் பார்ப்பாங்க."

"புள்ளைங்க?"

"ரெண்டு பேருக்கு நல்லபடியா பொறந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு மட்டும்..." அவள் தேதியைப் பார்த்தாள். "அக்கா, அந்த வாரம்தான் சர்வர் படுத்துருச்சு. நாலு நாள் கதவே திறக்கல."

அண்ணி எழுதிய வரியை எழுத்தெழுத்தாக அழித்தார்.

படம் நின்றதால் குழந்தை போனதா, குழந்தை போனதால் படம் நின்றதா... அதைக் கண்டுபிடிக்கத் தன் பிள்ளையைப் பணயம் வைக்க அவர் தயாராக இல்லை. தினமும் 1:40 வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். படம் வந்ததும்தான் சாப்பிடுவார். எண்ணிப் பார்த்தால் நூற்று ஐம்பத்து நாலு நாள்.

பெண் குழந்தை. கொழுகொழுவென்று பிறந்தாள். அழுகையில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. அன்றிலிருந்து அண்ணியின் பெட்டிக்குப் படம் வருவது நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

விடுப்பு முடிந்து அண்ணி வேலைக்குப் போனார். முதல் காரியமாக அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தார். அப்போதுதான் கிடங்கில் ஒரு புதுப் பெட்டி இருப்பதைக் கண்டார்.

குழந்தையின் பெயரில்.

உள்ளே, பிறந்த நாளிலிருந்து, ஒரு நாள் தவறாமல்... ஒரு குட்டி இதயம். 1:40. 1:40. 1:40.

அந்த வரி இன்றுவரை எழுதப்படவில்லை. இரண்டு மடங்கு சம்பளத்துக்கு வேறு இடத்தில் கூப்பிட்டார்கள், அண்ணி போகவில்லை. தன் இடத்துக்கு வருகிறவர் பதிவேட்டைப் பார்த்துக் கதவை அடைத்துவிட்டால்? அதனால் அந்த நாற்காலியைவிட்டு நகரமாட்டார்.

குழந்தைக்கு இப்போது மூன்று வயது. எனக்கு வேலை வீட்டிலிருந்தபடியே என்பதால் போன மாதத்திலிருந்து பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு மணி பார்க்கவும் தெரியாது.

1:39-க்குப் பொம்மையைக் கீழே வைப்பாள்.

பாயில் மல்லாந்து படுப்பாள்.

சட்டையைத் தூக்கிக்கொள்வாள். அசையமாட்டாள்.

போன வாரம் கிட்டே போய்க் கேட்டேன். "என்னடா செல்லம் பண்ற?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்துச் சிரித்தாள்.

"சில்லுனு இருக்கு பெரியம்மா."

அண்ணன்தான் எங்கள் வீட்டில் மூத்தவர். அண்ணியும் அவர் வீட்டில் மூத்தவர். பெரியம்மா என்று கூப்பிட அந்தக் குழந்தைக்கு உலகத்தில் யாரும் கிடையாது.