டோலிவர் எழுதி வைத்த இரண்டு ஏக்கர்

ஆஃபீஃபாவுக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாது. காயல்பட்டினத்துப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள், 2002-இல் கணவன் இர்ஃபானோடு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்தாள். அவளுடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. இர்ஃபான் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பியதும் அவள் நடக்கக் கிளம்பிவிடுவாள். நடைபாதை முடிந்த பிறகும் நடப்பாள்.

அப்படி ஒருநாள் புல்வெளியில் துருப்பிடித்த வேலியும் அதற்குள் நான்கு கல்லறைகளும் கண்ணில் பட்டன. பெரிய கல்லில் ஹைரம் டோலிவர் என்ற பெயர். பாசியைச் சுரண்டி ஆண்டைப் படித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் கார் வந்து நின்றது. முக்காடு போட்ட ஒருத்தி புதரில் எதையோ தேடுகிறாள் என்று யாரோ போன் செய்திருந்தார்கள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார்.

இர்ஃபான் பதறிப்போனான். "இனிமே அந்தப் பக்கம் போகாத. க்ரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கற நேரம்."

"கல்லைப் படிச்சதுக்கா க்ரீன் கார்டு போயிடும்?"

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. மூன்று வாரத்தில் கார் ஓட்டப் பழகினாள். இர்ஃபானை ஆபீஸில் இறக்கிவிட்டு, நூலகத்துக்கும் மாவட்ட ஆவண அலுவலகத்துக்கும் அலைந்தாள்.

டோலிவர் டென்னசியிலிருந்து மாட்டுவண்டியில் நிலம் தேடி வந்தவர். வழியிலேயே இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பிற்பாடு திரும்பிப் போய்த் தேடியும் அவர்களைப் புதைத்த இடம் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, 1858-இல் தன் நிலத்தில் இரண்டு ஏக்கரை எழுதி வைத்தார்: இந்தப் பாதையில் இறப்பவர் எவரையும் இங்கே அடக்கம் செய்யலாம்.

அந்தப் பத்திரத்தை ஆஃபீஃபா மூன்று முறை படித்தாள். வேலிக்குள் இருந்ததோ ஒரு சென்ட் இடம்தான்.

2005-இல் அங்கே கட்டப்போகும் வீடுகளுக்காக அந்தப் புல்வெளி வழியாகப் புதுச் சாலை வரப்போவதாக அறிவிப்பு வந்தது. வரைபடத்தில் நான்கு கல்லறைகளை மட்டுமே காட்டியிருந்தார்கள். நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஆஃபீஃபா பத்திரத்தின் நகலோடு எழுந்து நின்றாள்.

"வேலிக்கு வெளியேயும் மனிதர்கள் கிடக்கிறார்கள். தோண்டுவதற்கு முன்னால் ஒருமுறை பாருங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வீடு கட்டும் நிறுவனத்தின் வக்கீல் கேட்டார், "நீங்கள் டோலிவர் குடும்பத்துக்குச் சொந்தமா?"

"இல்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் இர்ஃபான், "மூணு நிமிஷத்துல அரை நிமிஷம் மிச்சம் வெச்சுட்டியே!" என்றான். அவன் குரலில் பெருமை தெரிந்தது.

சபை ஆட்களை அனுப்பி மண்ணை ஆராய்ந்தது. வேலிக்கு வெளியே பத்தொன்பது புதைகுழிகள் இருந்தன. அவற்றில் ஆறு, குழந்தைகளின் அளவு. சாலையை வளைத்துக் கொண்டுபோனார்கள்.

அதோடு ஆஃபீஃபா அடங்கிவிடவில்லை. டோலிவரைப் போல இன்னும் எத்தனை பேர் எழுதி வைத்தார்களோ என்ற எண்ணம் அவளைத் துரத்தியது. சனிக்கிழமைதோறும் இர்ஃபான் கார் ஓட்ட, அவள் பழைய வரைபடங்களைப் பார்த்து வழி சொன்னாள். மறந்துபோன பதினொரு அடக்கத்தலங்களைக் குறித்தாள்.

2009-இல் இர்ஃபானுக்கு வேலை போனது. அடுத்த வேலை நியூஜெர்சியில். கிளம்புமுன் அவள் தன் மூன்று பெட்டிக் காகிதங்களையும் நூலகத்தில் ஒப்படைத்தாள். அந்தப் பக்கம் புதிதாக நிலம் அளக்க வருபவர்கள் இப்போது முதலில் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.