முனியாண்டி ஸ்டாப்பில் ஏறியவர்கள்

1. டேலி ஆன ரிப்போர்ட்

"டோட்டல் டேலி ஆவுதுல்லம்மா? அப்புறம் என்ன, சைன் பண்ணிடுங்கலா!"

என் மேலதிகாரி தேவன் சொன்னது இது. நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர். நானும் லேசுப்பட்டவள் இல்லை. யாராவது சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொன்னால்தான் எனக்கு மூக்கு வியர்க்கும்.

பஸ் கம்பெனியில் சர்வே பிரிவு என்னுடையது. பஸ்ஸில் உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுவதுதான் முதலில் என் வேலையாக இருந்தது. பிறகு கதவுக்கு மேலே சென்சார் வந்து தானாக எண்ணத் தொடங்கியது. சென்சார் ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்ப்பது என் வேலையாயிற்று. "மெஷினுக்கு டியூஷன் டீச்சராம்மா நீங்க?" என்று என் மகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

அந்த முறை சோதித்தது, ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு சிரம்பான் போகும் காலை பஸ்ஸை. ஒற்றைக் கதவு பஸ். ஆளுக்கு ஒரு தடவை அழுத்தி எண்ணும் கிளிக்கரோடு முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் போய் வந்தேன். மொத்தத்தில் என் எண்ணிக்கையும் சென்சாரின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒட்டி வந்தன. வேறு யாராக இருந்தாலும் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

எனக்கு ஸ்டாப் ஸ்டாப்பாகப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பார்த்தேன். தோட்டத்துக்குள் இருக்கும் ஸ்டாப்பில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமே ஏறியதை நான் எண்ணியிருந்தேன். சென்சார் தினமும் ஒருவரை மட்டுமே எண்ணியிருந்தது. தோட்டத்துக்குத் திரும்பும் சிம்பாங்கில், அதாவது முச்சந்தியில், புதிதாக ஒருவர்கூட ஏறவில்லை. சென்சாரோ அங்கே ஏகப்பட்ட பேர் ஏறியதாகச் சொன்னது.

இதை நம்பி அலுவலகத்தில் ஒரு திட்டமும் தயாராகிவிட்டது. பஸ் இனி தோட்டத்துக்குள் போகாது. சிம்பாங்கில் நல்ல கூட்டம் இருப்பதால் அங்கே ஒரு ஷெல்ட்டர் கட்டப்படும். என் கையெழுத்து விழ வேண்டியதுதான் பாக்கி.

2. அரிசி மூட்டையும் முனியாண்டியும்

பிள்ளைகள் எப்படி விட்டுப்போனார்கள் என்பது சுலபமாகப் புரிந்தது. சென்சார் பொருத்திய புதிதில் பாசார் சந்தையிலிருந்து வரும் அரிசி மூட்டையையும் ஆள் என்று எண்ணித் தொலைத்தது. அதைத் தடுக்க, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருப்பது எதையும் எண்ணாதே என்று அமைத்தார்கள். மூட்டை நின்றது. மூட்டையோடு ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் நின்றுபோயின. நெடுநெடுவென்று வளர்ந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் பயணி ஆகும் யோகம் இருந்தது.

சிம்பாங்கில் நடந்தது வேறு கதை. அங்கே முனியாண்டி கோயில் இருக்கிறது. டிரைவர் ஆறுமுகம் தினமும் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கி, சூடம் ஏற்றுவார். வேலைக்குப் போகிற பயணிகளும் கூடவே இறங்கித் திருநீறு பூசிக்கொண்டு திரும்ப ஏறுவார்கள். அந்த ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகிற வேகத்தைப் பார்த்தால் நீங்களும் இறங்கிக் கும்பிடுவீர்கள். இறங்கி ஏறியவர் புதுப் பயணி அல்ல என்று எனக்குத் தெரியும், அதனால் கிளிக்கரை அழுத்தமாட்டேன். சென்சாருக்கு முனியாண்டியைத் தெரியாது. ஏறியவரையெல்லாம் மறுபடி எண்ணியது.

அங்கே கூடியதும் இங்கே குறைந்ததும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. அதனால்தான் மொத்தம் சரியாக வந்தது.

இதை எழுதப்போவதாகச் சொன்னபோது ஆறுமுகம் முகம் வாடிப்போனார். "அக்கா, கோயில் விஷயத்த மட்டும் போட்டுடாதீங்க. ஆளுங்கள வச்சிக்கிட்டு சீட்ட விட்டு எறங்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. என்னைத் தூக்கிடுவாங்க."

பிள்ளைகளை மட்டும் எழுதிவிட்டுக் கோயிலை விட முடியாது. விட்டுப்போன பிள்ளைகளைச் சென்சார் கணக்கில் சேர்த்தால் மொத்தம் என் எண்ணிக்கையைத் தாண்டி உதைக்கும். அந்தக் கூடுதல் ஆட்கள் யார் என்று தேவன் கேட்பார். எனக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. ஆறுமுகத்தோடு அத்தனை நாள் ஒரே பஸ்ஸில் போயிருக்கிறேன்.

3. வசந்தி கேட்டது

மறுநாள் காலையும் அதே பஸ்ஸில் போனேன். தோட்டத்து ஸ்டாப்பில் பிள்ளைகள் ஏறிய பிறகும் ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் வசந்தி. ஏறியவர்களில் இரண்டு பேர் அவள் பிள்ளைகள்.

"அக்கா, பஸ்ஸு இனிமே உள்ள வராதாமே? நீங்கதான் எண்ணுறீங்களாம்."

"இன்னும் முடிவாகலம்மா" என்றேன்.

"எனக்கு ஃபேக்டரியில மொத ஷிஃப்டு. இதுங்கள ஏத்திவிட்ட கையோட கிலாங் பஸ்ஸு வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போயிடும். வீட்டுக்காரர் லோரியில போனா வர ரெண்டு மூணு நாள் ஆவும். சிம்பாங் வரைக்கும் இதுங்கள யாருக்கா கூட்டிட்டுப் போறது? லோரி போற ரோட்டுல இதுங்க தனியாவா நடக்கும்?"

"ஆள் கம்மின்னு மெஷின் சொல்லுதும்மா."

"டெய்லியும் ஏறுதுங்களேக்கா. எம்புள்ளைங்க அந்த மெஷினு கண்ணுக்குத் தெரியலயா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பஸ் கிளம்பியது. ரந்தாவில் பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு ஆறுமுகம் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"எழுதிடுங்கக்கா. கோயிலையும் சேர்த்தே எழுதிடுங்க. அந்தப் புள்ளைங்க ரோட்டுல நடக்கணும்னா, நான் அங்க சூடம் ஏத்தி என்ன புண்ணியம்?"

எழுதினேன். தேவன் படித்துவிட்டு, "அப்ப ஷெல்ட்டர முனியாண்டிக்கா கட்டப் பாத்தோம்?" என்று சிரித்தார். அடுத்த பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சின்னப் புள்ளைங்களாம்மா எல்லாம்?" என்று கேட்டார். அன்று மாலையே திட்டத்தை நிறுத்தி வைத்தார். உயர அளவைக் குறைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். பஸ் இன்றும் தோட்டத்துக்குள் போய் வருகிறது.

ஆறுமுகத்துக்கு வேலை போகவில்லை. ஆனால் ரூட் போய்விட்டது. லுக்குட் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவருக்காக நான் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சில மாதம் கழித்து லுக்குட்டில் ஒரு கடை வாசலில் அவரைப் பார்த்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இப்ப அந்தப் புள்ளைங்கள எண்ணுதாக்கா?" என்று கேட்டார்.

"எல்லாரையும் எண்ணுது" என்றேன்.

"அது போதும்லா" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மொத்தம் சரியாக வந்ததும் பேனாவை எடுக்காதீர்கள். ஒருவரை இரண்டு தடவை எண்ணுவதால், எண்ணாமல் விட்ட பிள்ளை பஸ் ஏறிவிடாது.