முன் கார்புரேட்டரில் ஒரு மூச்சு

என் மச்சினனின் இடது காதுக்கு விலை எட்டாயிரம். அந்த விலையை வாங்கிப் பையில் போட்டவன் நான்தான். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பழைய கார் வாங்கி விற்பவன் பேச்சை யார் நம்புவது என்பீர்கள். நியாயம்தான். விற்கும்போது நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். இது விற்பனைக்கு இல்லை.

காரை எனக்கு விற்றவர் ஒரு பல் டாக்டர். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வண்டி, கீறல் இல்லை. ஒரே ஒரு குறை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும், அப்புறம்தான் பாயும். அதைச் சாக்கு வைத்து எட்டாயிரம் குறைக்கச் சொன்னேன். மூவாயிரத்தில் வந்து நிற்பார் என்று என் மனக்கணக்கு. அவர் பேரமே பேசவில்லை. "எடுத்துக்குங்க" என்று சாவியை நீட்டினார். ஊரார் பல்லைப் பிடுங்குகிறவர், தன்னிடம் எட்டாயிரத்தைப் பிடுங்கும்போது வாயே திறக்கவில்லை! கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கோட்டை விட்டேன்.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, கார்புரேட்டர் வேலையில் கெட்டிக்காரன். அந்தக் காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் கார் தயங்கும். அவன் மீட்டரை நம்ப மாட்டான். ரப்பர் குழாயின் ஒரு முனையை கார்புரேட்டர் வாயில் வைப்பான், மறுமுனையை இடது காதில். வலது காதை விரலால் அடைத்துக்கொள்வான். அப்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

மாலை ஆறே கால். வெளியே மழை. ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். பானெட்டைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் அவன் குனிந்து நின்றான். நான் ஸ்டியரிங்கில். கியர் நியூட்ரலில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"லேசா மிதிங்க மாமா."

மிதித்தேன். தயங்கியது. அவன் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினான்.

"பின்னாடி ஒரே சீரா 'ஸ்ஸ்'னு இழுக்குது. முன்னாடிதான்..."

"முன்னாடி என்ன?"

"இழுக்குது... நிறுத்துது... இழுக்குது. யாரோ மூச்சு விடுற மாதிரி."

"சளி புடிச்சிருக்கும். ஏழு மணிக்கு வண்டி வாங்குற பார்ட்டி வர்றான், சீக்கிரம் முடிடா."

மறுபடி குனிந்தான்.

"மிதிண்ணே."

மிதித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"என்னடா, நான் உனக்கு அண்ணன்னா, உங்க அக்கா எனக்கு யாரு?"

அவன் குழாயைக் காதிலிருந்து எடுத்தான். "நான் வாயே தெறக்கலையே மாமா. நீங்க ஏன் மிதிச்சீங்க?"

இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

திருகு இன்னும் கால் சுற்று. குழாய் காதில். விரல் மறு காதில்.

ஆறு நாற்பது.

என் இடது கால் சும்மாதான் இருந்தது. கிளட்ச் பெடல்... தானாக இறங்கியது. மெதுவாக. பழகிய கால் ஒன்று மிதிப்பதுபோல.

கியர் கம்பி என் முழங்காலை உரசிக்கொண்டு நகர்ந்தது. 'டக்'. முதல் கியர்.

சாவியைத் திருப்பி உருவினேன். சாவி கையில் வந்தது. எஞ்சின் நிற்கவில்லை.

"மாப்ள! வெளிய வாடா!"

அவனுக்குக் கேட்கவில்லை. குழாயில் யாரோ பேசுவதைக் கேட்கிறவன்போலப் புருவத்தைச் சுருக்கினான்...

பிரேக்கை மிதித்தேன். கல் மாதிரி இருந்தது.

"மிதிண்ணே."

இந்த முறை என் பிடரியில். பின் சீட்டிலிருந்து.

ஆக்சிலேட்டர் தானாகக் கீழே போனது. கிளட்ச் மேலே வந்தது.

கார் தயங்கியது.

ஒரு நொடி.

'டப்!'

எஞ்சின் கார்புரேட்டர் வாய் வழியாகத் திருப்பி வெடித்தது. வெடித்த காற்று குழாய் வழியாக அவன் காதுக்குள் பாய்ந்தது. அலறிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தான். கார் பாய்ந்து சுவரில் மோதி அடங்கியது.

அவன் வயிறு இருந்த உயரத்தில் சுவர் பிளந்திருந்தது.

இடது காது இனிக் கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குழாயில் என்ன கேட்டது என்றேன். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"'நான் நின்னது போதும், இனிமே நீ நில்லு'ன்னான் மாமா."

மறுநாள் பல் டாக்டரிடம் போனேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு, கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டு சொன்னார்.

"அதுக்கு மெக்கானிக் என் தம்பிதான். எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, முன்னாடி நின்னு குழாயக் காதுல வச்சுக்கிட்டு 'மிதிண்ணே'ன்னான். கியர்ல கெடந்தது எனக்குத் தெரியல. கிளட்ச்ல இருந்து கால எடுத்துட்டு மிதிச்சேன்."

"அப்ப தயங்கலையா?"

"தயங்கவே இல்ல. அவ்வளவு சுத்தமா டியூன் பண்ணியிருந்தான். தயக்கம் அவன் போனதுக்கப்புறம்தான் வந்துச்சு."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். வரவு, எட்டாயிரம். செலவு, ஒரு காது, ஒரு சுவர். மிச்சம், ஓர் உயிர். அந்த ஒரு நொடித் தயக்கத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் இல்லாமல் ஆக்கப் பார்த்ததே அதைத்தான். கொடுத்தது யாரென்றும் தெரியாது. கொடுத்தவன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.