பத்து தண்டாலுக்கு ஒரு மந்திரம்

மரியதாஸின் இடது கை உடைந்தது 1934ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில். உடைத்தவன் அய்யனார்.

அன்று கொம்யூன் தேர்தல்; பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஊராட்சிக்கு அதுதான் பெயர். வில்லியனூருக்கு மேற்கே எங்கள் ஊர்ச் சத்திரத்தில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டி வந்தால் தடியும் கூடவே வரும் காலம் அது. அய்யனார் ஒரு பெரிய நிலக்காரரின் அடியாள். நிலக்காரருக்கு ஓட்டுப் போடாதவன் எவனும் சத்திரத்தின் மூன்று படிகளை ஏறக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மரியதாஸ் இரண்டாம் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அடி விழுந்தது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. விழுந்தவனின் வாயில் அய்யனார் ஒரு பிடி மண்ணைத் திணித்தான்.

"ஓட்டு கேக்குதா உனக்கு? இத்தத் துண்ணு."

மரியதாஸுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. வில்லியனூர் ரயிலடியில் மணிலாக் கடலை மூட்டை ஏற்றுகிறவன். நான்கு மாதம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு இருந்தான். கட்டுப் பிரித்தபோது கை அரிவாள்போல் வளைந்திருந்தது. அன்றே மனைவி அந்தோணி மேரியிடம் சொன்னான்: அடுத்த தேர்தலுக்கு அந்த மூன்று படிகளையும் ஏறுவேன், சீட்டைப் பெட்டியில் போடுவேன், மறிக்கிறவனைப் படியிலேயே சாய்ப்பேன். இடையில் மூன்று ஆண்டுகள் இருந்தன.

சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த கௌஸ் பாஷா அவனோடு ஒரே வயதுக்காரர். கடைக்குப் பின்னால் உடற்பயிற்சிக்கும் மல்யுத்தத்துக்கும் செம்மண் கொட்டிய கோதா ஒன்று வைத்திருந்தார். 1934 செப்டம்பர் 17, திங்கட்கிழமை, அங்கே மரியதாஸ் எடுத்த தண்டால் எட்டு. ஒன்பதாவதில் கை மடங்கி முகம் மண்ணில் மோதி முன்பல் ஒன்று போயிற்று.

"பல்லு போச்சுன்னா இன்னா, கறிய நான் கொத்திக் குடுக்கறேன்" என்றார் கௌஸ் பாஷா. "எந்திரி."

மரியதாஸ் எழுதப் படிக்கத் தெரியாதவன். இருபதைத் தாண்டினால் எண்ணிக்கை குழம்பிவிடும். அதற்கு அவன் கண்ட வழிதான் இந்தக் கதைக்கே காரணம். மனைவியின் செபமாலையை முகத்துக்கு நேராகத் தரையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கட்டைவிரலால் ஒரு மணியைத் தள்ளினான்.

அந்தோணி மேரி இதைப் பார்த்ததும் மாலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாதா மணிய வெச்சிக்கினு அடிதடிக்கு கணக்கு போடுறியா? வாய் வெந்துபூடும்யா."

"வேற எத்த வெச்சி எண்ணச் சொல்ற?"

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். மாலையில் பத்துச் சிறு மணிக்கு ஒரு பெரிய மணி. பெரிய மணி வரும்போது தண்டாலை நிறுத்திவிட்டுப் பரமண்டல மந்திரத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டான். ஒரு சுற்றுக்கு ஐம்பது தண்டால், ஐந்து மந்திரம். அவன் வார்த்தைகளை விழுங்குகிறானா என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பாள். நாளடைவில் மாலை இல்லாமலே பத்தாவதில் அவன் உடம்பு தானாக நின்றது, உதடு அசைந்தது. கர்லாக் கட்டை சுற்றும்போதும் அப்படித்தான், சிலம்பத்தில் தடி வீசும்போதும் அப்படித்தான்.

கௌஸ் பாஷா இதைக் கவனித்தார். ஒருநாள் பத்தாவது வீச்சில் மரியதாஸ் நின்றதும் தன் தடியால் அவன் விலாவில் ஓங்கி அடித்தார். இரண்டு எலும்பில் விரிசல் விட்டது.

"உன் மாதா நல்லவங்கதான். அய்யனாரு பத்துக்கு ஒருதபா நிக்க மாட்டான்."

"பழகிப்போச்சு பாய்."

"அந்தப் பழக்கம் உன்ன கொல்லும்."

இப்படி 1935 டிசம்பரில் நூற்றைம்பது தண்டால் வந்துவிட்டது. ஆனால் 1936 பிப்ரவரியில் அது நாற்பதுக்கு இறங்கியது. மார்ச் முதல் வாரம் ஒன்றுமே இல்லை. மூட்டை தூக்கிய அசதி என்றான், ஜுரம் என்றான், தவக்கால ஒருசந்தி விரதம் என்றான். உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் கௌஸ் பாஷா. அந்த ஐந்து வாரமும் அய்யனார் ஊரில் இல்லை. பாகூர்ப் பக்கம் நிலக்காரரின் களத்துக்குக் காவல் போயிருந்தான்.

"தெனம் அவன் மூஞ்சியப் பாத்தாதான் உனக்கு தண்டால் வருது. அவன் செத்துட்டா நீ படுத்துக்குவ போலகீது" என்றார்.

மார்ச் 13, வெள்ளிக்கிழமைச் சந்தையில் அய்யனார் திரும்பி வந்து நின்றான். "இன்னா மரியதாசு, கை எப்டி கீது? சோறு நீயே துண்றியா, பொண்டாட்டி ஊட்டுறாளா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலை மரியதாஸ் எடுத்தது நூற்று அறுபது. அதன் பிறகு அவன் ஒரு நாளும் தவறவில்லை. உதைத்த வாழைமரங்கள் சாய்ந்தன. தடியால் முன்கையில் தானே அடித்து அடித்து அங்கே தோல் கறுத்துக் காய்த்தது. 1937 ஏப்ரல் கடைசியில் தண்டால் முந்நூற்றைம்பது. கர்லாக் கட்டை, கௌஸ் பாஷா கறித் தராசில் நிறுத்தபடி, ஒன்பது கிலோ.

1937 மே 2, ஞாயிறு. பூசை முடிந்து காலை எட்டேகாலுக்கு மரியதாஸ் சத்திரத்துக்கு வந்தான். கையில் நாலரை அடி மூங்கில் தடி. படியில் அய்யனாரும் வேறு நால்வரும் நின்றார்கள். நால்வருக்கும் முன்னால் கௌஸ் பாஷா கறிக்கத்தியோடு போய் நின்றுகொண்டார். "ரெண்டு பேர் வெவகாரம். குறுக்க வந்தா தொடைய எடுத்துருவேன்" என்றார். அவர்கள் நகரவில்லை.

அய்யனார் முதலில் வீசினான். மரியதாஸ் அதை வளைந்த கையிலேயே வாங்கினான், அது உடையவில்லை. அவனுடைய முதல் அடி அய்யனாரின் தோளில் விழுந்தது. இரண்டாவது காதில், காது மடல் கிழிந்து தொங்கியது. மூன்றாவதில் தாடை விலகியது. ஐந்தாவதில் அய்யனார் மண்டியிட்டான். ஆறு, ஏழு, எட்டு முதுகில். ஒன்பதாவதில் குப்புற விழுந்தான். பத்தாவது இடுப்பில்.

அங்கே மரியதாஸ் நின்றுவிட்டான். தடி மேலே இருந்தது, உதடு அசைந்தது.

"நிக்காதடா" என்று கௌஸ் பாஷா கத்தினார்.

அய்யனார் புரண்டு, இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை உருவி மரியதாஸின் வலது முழங்காலுக்குப் பின்னால் இறக்கித் திருகினான். நரம்பு அறுந்த சத்தம் தனக்குக் கேட்டதாக கௌஸ் பாஷா பிறகு சொன்னார். மரியதாஸ் விழுந்தான். விழுந்தபடியே இரண்டாவது பத்தைத் தொடங்கினான். அது முடிந்தபோது அய்யனாரின் இரண்டு முன்கைகளும் எலும்பு என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அவன் சாகும்வரை சோற்றை அவன் மனைவிதான் ஊட்டினாள்.

கௌஸ் பாஷா மரியதாஸைத் தூக்கக் குனிந்தார்.

"வுடு பாய். நானே ஏறிக்கிறேன்."

காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஊன்றி மூன்று படிகளையும் ஏறினான். பெட்டி வைத்திருந்த மேசையின் காலைப் பிடித்து எழுந்து, மடியிலிருந்த சீட்டை உறையில் போட்டுப் பெட்டியில் விட்டான். ஐந்தாவது ஆளாக அன்று ஓட்டளித்தவன் அவன். பிறகு மயங்கி விழுந்தான். இரு தரப்பும் போலீசில் எழுதிவைத்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

மாலையில் சீட்டுகளை எண்ணினார்கள். அந்தப் பெட்டியில் இருந்தவை 412. அதில் ஒன்று செல்லாது என்று தள்ளப்பட்டது. அடையாளம் பட்ட சீட்டு சேராது என்பது சட்டம். அதில் பட்டிருந்தது ரத்தம்.

இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. காலில் புண் ஆறி, கட்டையை ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அவன் கோதாப் பக்கம் போகவில்லை. அய்யனாரைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றான். நவம்பர் 7 அன்று கௌஸ் பாஷா அவன் வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணு சொல்லணும். உன் சீட்டு செல்லலியாம். ரத்தம் பட்டுச்சாம்."

மரியதாஸ் ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்தான்.

"அடுத்த தேர்தல் எப்போ பாய்?"

"இன்னும் ரெண்டர வருசம் இருக்கும்."

அவன் மனைவி பக்கம் கையை நீட்டினான். அந்தோணி மேரி மாலையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"மந்திரம் சொல்லுவியா?"

"சொல்றேன். ஆனா பத்துக்கு ஒண்ணு வேணாம். அம்பது முடிச்சிட்டு அஞ்சையும் சேத்து சொல்லிடறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாலையைத் தரையில் பரப்பினாள். அன்று ஒற்றைக் காலில் அவன் எடுத்தது எட்டு.