கிழியாத ரெக்சின் திரை

அப்போது நான் முட்டை வியாபாரி. பின்சீட்டைக் கழற்றிய, பின்பக்கம் நீண்ட என் எஸ்டேட் காரில், முட்டைத் தட்டுகள்மேல் வெயில் படாமலிருக்க, இழுத்தால் விரிந்து, கையை விட்டால் சுருளும் ரெக்சின் திரை புதிதாகப் போட்டிருந்தேன். காலி வண்டியோடு திரும்பும்போது, சேந்தமங்கலம் சாலையில் ஒருவர் பிரசவ வலியில் துடித்த மனைவியோடு கை காட்டினார். அந்த அம்மாவால் முன்சீட்டில் உட்கார முடியவில்லை; பின்னால்தான் படுக்கவைக்க வேண்டும். விரித்திருந்த திரையோ சிக்கிக்கொண்டு சுருளவில்லை. அதன் அடியில் நிறைமாத வயிறு நுழையாது. நான் ஸ்பிரிங்கை நோண்டிக்கொண்டே இருந்தேன். அவர் இடுப்பில் அரிவாள் இருந்தது. அறுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“மெதுவாப் பாருங்க சாமி, புதுசாட்ட இருக்குதுங்க,” என்றார் அவர்.

அரை மணி கழித்துத்தான் திரை சுருண்டது. ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. வாசலில் அவர் என்னைக் கும்பிட்டார்.

“காரெல்லாம் கறை பண்ணிப்போட்டமுங்க.”

அன்றே கழற்றிவிட்ட அந்தத் திரையில் இன்றும் ஒரு கீறல்கூட இல்லை.