ஜன்னலில் ஈரச் சேலை

புது வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்கப் பெரம்பலூரில் கடை கடையாக ஏறி இறங்கிக் கால் கடுத்துவிட்டது. எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கடைசிக் கடையில், மழையில் நனைந்த ஒரு திரைச்சீலைக் கட்டைப் பிரித்ததும் எழுந்த ஈரத்துணி வாடை, அரியலூர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது.

வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியம் சங்கு ஊதியதும், வெடி வெடிப்பதற்குள், அம்மா ஒரு பழைய நூல் சேலையைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் ஜன்னலில் கட்டுவாள். இளைப்புக்காரத் தம்பி அதன் பின்னால் படுத்திருப்பான். தரை அதிரும், பாத்திரங்கள் கிணுகிணுக்கும், பச்சைச் சேலை மெல்ல வெளுத்து மாவு பூசியதுபோல் விறைக்கும். அதை அலசி அலசி மறுபடி கட்டுவாள், சாயங்காலம் வரை, அலுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல்.

சுரங்கம் விரிந்து எங்கள் தெருவையும் எடுத்துக்கொண்டது. காலி செய்த அன்று, சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கையில் சங்கு ஊதியது. அம்மா வண்டியிலிருந்து சேலையையும் தண்ணீர்க் குடத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“வூட்டையே இடிக்கப் போறாங்க, இப்ப எதுக்குடி?” என்றார் அப்பா.

“தூசி உள்ள வந்துருமேங்க” என்றபடி வெறும் வீட்டு ஜன்னலில் அதை இழுத்துக் கட்டினாள்.

வெடிச் சத்தம் அடங்கும்வரை அப்பா வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.